நத்தார் நேரத்துக்கு ஒரு பொது நாள்: வன்னிக்கு எது பொருந்தும்?

மார்கழி நெருங்கும்போது வன்னியின் சனசமூக நிலையங்களிலும் முன்பள்ளிகளிலும் ஒரே கேள்வி எழும். ஊர்ப் பிள்ளைகளுக்கான ஒன்றுகூடலை எந்த நாளில் வைப்பது? பள்ளிக்கூடங்களில் ஒளிவிழா நடக்கும். அது கிறிஸ்தவப் பிள்ளைகளின் நத்தார் விழா, அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இங்கே எடுத்துக்கொள்வது வேறு காரியம். சைவர், கத்தோலிக்கர், சபைக்குப் போவோர், முஸ்லிம்கள், எந்தக் கடவுளையும் கும்பிடாதோர் எல்லாரும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊர்களுக்கு, எவருடைய வழிபாட்டோடும் முட்டாத ஒரு நாள் வேண்டும். மழை, கையில் உள்ள காசு, விடுமுறை, பஞ்சாங்கம் என்ற நான்கையும் வைத்துப் பார்த்தால்தான் நாள் தெளிவாகும்.

வெளிநாடுகளில் இதே கேள்விக்குப் பல விடைகள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மனிதநேயவாதிகள் 2001 இல் 'ஹியூமன்லைட்' என்ற நாளை டிசெம்பர் 23 இல் தொடங்கினார்கள். ஆபிரிக்க அமெரிக்கர்களுக்காக மௌலானா கரேங்கா 1966 இல் தொடங்கிய 'குவான்சா' டிசெம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள் நடக்கும். அதன் பெயர் முதல் விளைச்சல் என்ற பொருளுள்ள சுவாகிலிச் சொல்லிலிருந்து வந்தது, புது நெல் எடுத்துச் சமைக்கும் நம்முடைய புதிர் போல. சோவியத் ஒன்றியம் நத்தார் மரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, 1935 இன் கடைசியில் அதையே புத்தாண்டு மரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. அறிவியல் பற்றுள்ளவர்கள் சிலர் டிசெம்பர் 25 ஐ ஐசக் நியூற்றன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் பிறந்த 1642 டிசெம்பர் 25 இங்கிலாந்தின் பழைய யூலியன் நாட்காட்டிக் கணக்கு. இன்று நாம் பாவிக்கும் கிரெகோரியன் கணக்கில் அது 1643 ஜனவரி 4.

நத்தாரின் நாளும் இதே சிக்கலுக்குள் வந்ததுதான். இயேசு பிறந்த நாளை நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. ரோமில் 354 ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில்தான் டிசெம்பர் 25 எழுத்தில் கிடைக்கிறது. ரஷ்ய மரபுவழித் திருச்சபை இன்றும் யூலியன் கணக்கில் நிற்பதால் அவர்களுக்கு நத்தார் ஜனவரி 7 இல் வரும். ஆர்மேனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. உக்ரேன் 2023 இல் டிசெம்பர் 25 க்கு மாறியது. நாள் பற்றிய வழக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாங்கங்களோடு நின்றுவிடுவதில்லை.

டிசெம்பர் 25 ஐயே மதம் சாராமல் கொண்டாடினால் என்ன என்று கேட்போர் உண்டு. ஒரே வசதி, நாடு முழுக்க விடுமுறை. ஆனால் முதல் நாள் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் விடியப்புறம் வீடு வந்தவர்களை மறுநாள் ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? கதிரையும் சவுண்ட் செற்றும் தேவாலயங்களுக்கு முன்னமே பேசப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அயலவரின் திருநாளை அவர்கள் இல்லாமலே வேறு பெயரில் கொண்டாடுவது மனங்களைப் புண்படுத்தும். இதை முதலிலேயே விட்டுவிடலாம்.

டிசெம்பர் 26 ஐப் பேச்சுக்கும் எடுக்கக் கூடாது. 2004 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன நாள் அது. அன்று காலை அந்தக் கரையோர ஊர்களில் விளக்கேற்றி அழுவார்கள். 2009 இல் போர் முடிந்த மே மாதம் பற்றி வன்னியில் எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சூரியன் திரும்பும் நாள்

மதம் சாராத நாள் தேடுவோர் உலகெங்கும் முதலில் போய் நிற்பது டிசெம்பர் 21 அல்லது 22 இல், சூரியன் தெற்கே போய்த் திரும்பும் நாளில். இதற்கு எந்தச் சமயத்தின் அனுமதியும் தேவையில்லை, வானமே சொல்கிறது என்பது வலுவான வாதம். ஆனால் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இலங்கை நேரப்படி 2026 இல் சூரியன் திரும்புவது டிசெம்பர் 22 அதிகாலை 2.20 அளவில். அதே நொடியில் இலண்டனில் 21 ஆம் திகதி இரவு 8.50. கனடாவில் உள்ள பிள்ளைகளோடு ஒரே நாளில் கொண்டாடலாம் என்று திட்டமிட்டால் அந்த ஆண்டு ஆளுக்கொரு திகதி வரும். 2027 இல் இங்கே 22 காலை 8.12, 2028 இல் 21 பிற்பகல் 1.50. உலகத்துக்கே ஒரு திகதி என்று அச்சடித்துவிட்டால் இந்த இடத்தில்தான் பிழைக்கும்.

அதைவிடப் பெரிய குறை நம்முடைய இடம். இலண்டனில் அன்று பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. இருளுக்கு நடுவே ஒளி திரும்புகிறது என்பது அவர்களுக்குக் கண்முன் நடக்கும் உண்மை. கிளிநொச்சியில் அன்று பகல் சுமார் 11 மணித்தியாலம் 34 நிமிடம், ஆனியில் சுமார் 12 மணித்தியாலம் 40 நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட இந்த வேறுபாட்டை இங்கே யாரும் கவனித்து வாழ்வதில்லை. ஒரு மீற்றர் தடியை நட்டுப் பார்த்தால் அன்று நண்பகலில் நிழல் 64 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். மூன்று நாள் கழித்து அளந்தாலும் அதே 64 தான், மாற்றம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. தைப்பொங்கல் அன்றுதான் அது 60 ஆகக் குறையும். சூரியன் திரும்பிவிட்டது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்த நாளில் ஒன்றுமே இல்லை.

மழை மூன்றாவது காரணம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றிலும் வன்னியை நனைக்கும். 2018 இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூடியது டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில்தான். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருக்கும் கிழமையில் தாழ்நிலக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவது விளையாட்டில்லை. தறப்பாள் பந்தல் போட்டாலும் நிலம் ஊறிக் கதிரைக் கால்கள் புதையும்.

நான்காவது காசு. காலபோகத்துக்கு உழுது, விதைத்து, பசளை போட்டு, அறுவடைக்குக் காத்திருக்கும் மாதம் மார்கழி. வன்னி விவசாயக் குடும்பத்தின் கை மிகவும் இறுகி இருப்பது அப்போதுதான். பரிசு மாற்றும் பழக்கத்தைக் கொண்டுபோய் அந்த மாதத்தில் வைத்தால் கடன் வாங்கித்தான் பரிசு வாங்குவார்கள்.

இத்தனையும் இருந்தாலும் டிசெம்பர் 21 ஐ முழுதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நிற்கும் வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து, கூரைக்குக் கீழே, இருபது பேருக்குள், மாலைத் தேத்தண்ணியோடு கூடிப் பேச நல்ல நாள். ஊர் ஒன்றுகூடலுக்கு மட்டும் அது பொருந்தாது.

ஜனவரி முதலாந் திகதியைச் சிலர் சொல்வார்கள். இலங்கையில் அது பொது விடுமுறை நாள் இல்லை. அரச ஊழியர்கள் அன்று கந்தோருக்குப் போய்ச் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும். காலையில் கோயில்களிலும் தேவாலயங்களிலும் கூட்டம். மழையும் முற்றாக விட்டிருக்காது. 31 இரவு இளைஞர் கழகங்கள் நடத்தும் கூட்டங்களுக்கு வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் வருவதில்லை.

பொங்கலா, புத்தாண்டா

தைப்பொங்கலைத் தமிழர் அனைவருக்கும் பொதுவான, சமயம் கடந்த திருநாள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாண, மன்னார் மறைமாவட்டங்களின் தேவாலயங்களிலும் பொங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் வன்னியில் பொங்கல் என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது வைகாசி விசாகத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். அடுத்து புளியம்பொக்கணை நாகதம்பிரான், அதற்கப்பால் குளக்கட்டு ஐயனார். இந்த மண்ணில் பொங்கல் என்றால் நேர்த்தி, மடை, படையல். அதைப் பிரித்தெடுத்து மதம் சாராதது என்று பெயர் வைப்பது பொங்குபவருக்கும் பொருந்தாது, படைத்த உணவை உண்ணாத முஸ்லிம் அயலவருக்கும் பொருந்தாது. வயற்கணக்கும் இடிக்கும். வன்னியின் பல வயல்களில் காலபோக நெல் தை முதலாந் திகதி இன்னும் முற்றியிருக்காது. அதனால்தான் புதிர் எடுப்பதைத் தைப்பூசம் வரை வைத்திருக்கிறார்கள்.

தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பெரியவர்கள் சொல்வதும், டிசெம்பரில் திரும்புகிறது என்று விஞ்ஞானப் புத்தகம் சொல்வதும் பிள்ளைகளைக் குழப்பும். காரணம் எளிது. பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களை வைத்து அளக்கிறது, ஆங்கில நாட்காட்டி பருவங்களை வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன. இன்று இடைவெளி 24 நாள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு விடுமுறை உண்டு, அறுவடைக் காசு கையில் உண்டு, சிங்கள மக்களுக்கும் பொது. ஆனால் நாளைப் பற்றிய வழக்கு மிகவும் கூர்மையாக நிற்பதும் இங்கேதான். தமிழ்நாட்டில் 2008 இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் செய்தார்கள், 2011 இல் அதை நீக்கினார்கள். அந்த விவாதம் இங்கேயும் வந்து சேர்ந்தது, இன்னும் முடியவில்லை. ஒரே வீட்டில் தை என்பவரும் சித்திரை என்பவரும் இருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கு வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையில். வாக்கிய பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கிறது, திருக்கணிதம் வானத்தில் கண்ட நிலைக்குத் திருத்திக் கணிக்கிறது. ஆண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. விஷு புண்ணியகாலம் பிறப்புக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு மணித்தியாலம். அதற்குள் மருத்துநீர் வைத்து நீராட வேண்டும், கைவிசேடத்துக்குத் தனி நேரம். ஒரு வீடு விடியவும் இன்னொரு வீடு மத்தியானமும் நீராடினால் பத்து மணிக்குக் கயிறிழுத்தல் வைக்க முடியாது. ஆகவே 13, 14 ஆம் திகதிகளை வீடுகளுக்கும் கோயில்களுக்கும் விட்டுவிட வேண்டும்.

நிழலில்லா நாள்

எங்கள் தெரிவு அதற்கு ஒட்டி வருகிற இன்னொரு நாள். ஏப்ரல் 5 இலிருந்து 15 வரை இலங்கைக்கு நேர்மேலே சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும். சூரியன் தெற்கிலிருந்து வடக்கே ஏறிவருவதால் வன்னிக்கு அது கடைசி நாள்களில் வருகிறது. வவுனியாவுக்கு 12 அளவில், மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் 13 அளவில், கிளிநொச்சிக்கு 14 அளவில். அதாவது இக்காலத்தில் கிளிநொச்சியில் சித்திரை பிறக்கும் நாளில்தான் நட்ட தடிக்கு நண்பகலில் நிழல் இல்லாமல் போகிறது. இது இந்த ஊரின் அகலக்கோட்டுக்கு மட்டும் இன்று வாய்த்த பொருத்தம். சென்னைக்கோ கொழும்புக்கோ இது இல்லை.

டிசெம்பரில் அசையாத நிழல் ஏப்ரலில் நாளுக்கு ஆறு மில்லிமீற்றர் நகர்கிறது, பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். கிளிநொச்சியின் 14 ஆம் திகதிக்குக் கிட்டிய சனிக்கிழமை எப்போதும் மூன்று நாளுக்குள் விழும். அப்போதும் மீற்றர் தடியின் நிழல் 2 சென்ரிமீற்றர் அளவுதான். எனவே துல்லியமான நாளுக்காகச் சண்டை போடத் தேவையில்லை. முந்திய சனியென்றால் குறுநிழல் வடக்கே விழும். பிந்திய சனியென்றால் தெற்கே விழும், சூரியன் நம் தலையைக் கடந்துவிட்டது என்று அதுவே காட்டும்.

செய்முறையில் கவனம் வேண்டும். ஒரு மீற்றர் நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள பிவிசி குழாயை வாளி மணலில் நிறுத்துங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் குழாய் செங்குத்தா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே பொய் நிழல் ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர் வந்துவிடும். கீழே விரிக்கும் பலகையின் மட்டத்தை, தண்ணீர் அரைவாசி நிரப்பிய போத்தலைப் படுக்கவைத்துப் பார்க்கலாம். 11.50 இலிருந்து 12.25 வரை ஐந்து நிமிடத்துக்கொருமுறை நிழல் நுனியைப் பென்சிலால் குறியுங்கள்.

பெரும்பாலும் பிழைப்பது நேரத்தில். மணிக்கூட்டில் 12 அடித்தவுடன் பார்த்துவிட்டு, நிழல் இருக்கிறதே என்று கலைந்துவிடுவார்கள். கிளிநொச்சியில் அன்று உண்மையான நண்பகல் 12.09. பன்னிரண்டு மணிக்கு இன்னும் 4 சென்ரிமீற்றர் நிழல் மேற்குப் பக்கம் இருக்கும். முல்லைத்தீவில் 12.07, வவுனியாவில் 12.08, மன்னாரில் 12.11. அந்த நிமிடத்தில் குழாய்க்குள் விழும் வெளிச்சம் அடிவரை இறங்கி மணலில் வட்டமாக நிற்கும். பிள்ளைகள் மாறிமாறிக் குனிந்து பார்ப்பது இதைத்தான். சூரியனை நேரே பார்க்க விடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் விழும் பிம்பத்தையும் எட்டிப் பார்க்க விடாதீர்கள், அதுவும் கண்ணைச் சுடும்.

நாளை முடிவுசெய்யும் விதி

திகதியை எழுதி வைக்காமல் விதியை எழுதி வையுங்கள்: ஏப்ரல் 14 க்குக் கிட்டிய சனிக்கிழமை. அது 14 ஆகவே வந்தால் மறுநாள் ஞாயிறு. பரிசுத்த வாரத்துக்குள்ளோ நோன்பு மாதத்துக்குள்ளோ பெருநாளை ஒட்டியோ விழுந்தால் அந்த ஆண்டு ஓகஸ்டுக்குத் தள்ளுங்கள். சூரியன் தெற்கே இறங்கும்போது கிளிநொச்சியின் தலைக்கு மேல் மறுபடியும் ஓகஸ்ட் 29 அளவில் வருகிறது. நிழலில்லா நண்பகல் ஆண்டுக்கு இரண்டு என்பது இந்த விதிக்குக் கிடைத்த பெரிய வசதி.

பொருத்திப் பார்ப்போம். 2027 இல் ஏப்ரல் 14 புதன், ஆகவே 17 சனி. உயிர்த்த ஞாயிறு மார்ச் 28 இலேயே முடிந்துவிடும், தடையில்லை. 2028 இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14 இலேயே வருகிறது. கத்தோலிக்கர் நோன்பிருந்து துக்கம் காக்கும் நாளில் பக்கத்து மைதானத்தில் முட்டி உடைக்கக் கூடாது. ஓகஸ்ட் 26 சனிக்கு மாற்றுங்கள். 2029 இல் 14 சனி, எனவே 15 ஞாயிறு. 2030 இல் குருத்து ஞாயிறும் ஏப்ரல் 14, ஹஜ்ஜுப் பெருநாளும் அதை ஒட்டியே வரும். அந்த ஆண்டுக்கு ஓகஸ்ட் 31 சனி.

ஓகஸ்டுக்கு ஒரு குறை உண்டு. வறட்சியில் கிணறுகள் இறங்கி நிற்கும், தண்ணீர் பவுசருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் கோடை விடுமுறைக்கு வந்த புலம்பெயர் குடும்பங்கள் அப்போது ஊரில் நிற்கலாம்.

நாளின் ஒழுங்கு வெயிலை வைத்து அமைய வேண்டும். காலை 8 மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல் முடியட்டும். பிறகு மர நிழல். 11.50 க்கு மட்டும் வெளியே வாருங்கள், பிள்ளைகளைப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக, தொப்பியோடு. சாப்பிட்டு இரண்டு மணிக்குள் கலையுங்கள். சித்திரையில் பின்னேரம் இடியுடன் மழை திரளும். வெளியில் கம்பி கட்டிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. நூறு பேருக்குக் குடிதண்ணீர் மட்டும் 100 லீற்றர் வையுங்கள். மோருக்குப் பத்து லீற்றர் தயிர், முப்பது லீற்றர் தண்ணீர், உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய்.

சாப்பாடு மரக்கறியாகவே இருக்கட்டும், எல்லாச் சமயத்தாரின் தடைகளும் அதிலேயே தீர்ந்துவிடும். சர்க்கரைச்சாதம் வேண்டுமென்றால் நூறு பேருக்குப் பச்சையரிசி 5 கிலோ, வறுத்த பயறு ஒன்றேகால் கிலோ, சர்க்கரை 5 கிலோ, தேங்காய் 12, கஜுவும் பிளம்ஸும் கால் கால் கிலோ. சமைத்ததை எங்கும் படைக்காமல் நேரே பரிமாறுங்கள், இதை அழைப்பிலேயே எழுதுங்கள். முஸ்லிம் தாய்மார் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

தொடக்கத்துக்குக் குத்துவிளக்கா, மூன்று சமயத்தவரும் ஏற்றுவதா என்ற பேச்சு கூட்டத்துக்குக் கூட்டம் வரும். விளக்குக்குப் பதிலாக ஊரின் வயதில் மூத்தவரும் மிகச் சிறிய பிள்ளையும் சேர்ந்து அந்தக் குழாயை வாளி மணலில் நட்டு வைப்பது நல்ல தொடக்கம்.

பரிசு மாற்றத்துக்குச் சீட்டு எடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள், உச்ச விலை 500 ரூபா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். எப்படியும் நாலைந்து பிள்ளைகள் வெறுங்கையோடு வருவார்கள். பெயர் எழுதாத பத்துப் பொதிகளை நிலையத்தில் முதல் நாளே கட்டி வையுங்கள். யார் கொண்டுவந்தார், யார் கொண்டுவரவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாதபடி எல்லாப் பொதிகளையும் ஒரே தாளில் சுற்ற வேண்டும். பழைய பத்திரிகைத் தாளே போதும்.